எத்தனை வாட் வேண்டும்? ரோபோவுக்கும் உடலுக்குள் ஓடும் கருவிக்கும் மின்சாரம்

மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 2,000 கிலோகலோரி அளவுக்குச் சாப்பிடுகிறார். மின்கட்டணக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் இது 2.3 யூனிட். 2022-இல் டெஸ்லா நிறுவனம் ஆப்டிமஸ் என்ற மனித உருவ ரோபோவை மேடையேற்றியபோது, அதன் நெஞ்சில் இருக்கும் பேட்டரியின் கொள்ளளவாகச் சொன்னதும் இதே 2.3 யூனிட்தான். எண்கள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் அந்த 2.3 யூனிட்டில் மனிதர் தூங்கி எழுந்து, வேலை பார்த்து, யோசித்து, உடல் சூட்டையும் காப்பாற்றிக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்டிவிடுகிறார். ரோபோவோ வேகமாக நடந்தால் 500 வாட் செலவாகும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அப்படி நடந்துகொண்டே இருந்தால் பேட்டரி ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது.

ரோபோக்கள், உடலில் அணியும் கருவிகள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு வருங்காலத்தில் மின்சாரம் எங்கிருந்து வரும்? வியர்வையிலிருந்து, உடல் சூட்டிலிருந்து, இதயத் துடிப்பிலிருந்து, அணு பேட்டரியிலிருந்து என்று அடிக்கடி செய்திகள் வருகின்றன. அவற்றில் பல உண்மையான ஆய்வுகள்தான். ஆனால் ஒரு கருவிக்குப் பொருந்தும் விடை இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. எந்தக் கருவிக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு கைவந்துவிட்டால், அப்படிப்பட்ட செய்தி ஒவ்வொன்றையும் நாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

வாட்டும் யூனிட்டும்

வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். யூனிட் என்பது மொத்தமாகச் செலவான அளவு. குழாயில் தண்ணீர் வரும் வேகம் வாட் என்றால், குடத்தில் நிறைந்த தண்ணீர் யூனிட். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சிறிய பேட்டரிகளுக்கு யூனிட் மிகப் பெரிய அளவு என்பதால் அவற்றை வாட்-மணியில் சொல்வார்கள். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட். கைப்பேசி பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 15 வாட்-மணி இருக்கும். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவாட், பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோவாட்.

இனி தேவைகளைப் பார்க்கலாம். முள் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோவாட் போதும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்குப் பத்து முதல் முப்பது மைக்ரோவாட். ஸ்மார்ட்வாட்சுக்கு முப்பது, நாற்பது மில்லிவாட். அதாவது அதே மணிக்கட்டில் கட்டும் பழைய கடிகாரத்தைவிட இருபதாயிரம் மடங்கு. பலவீனமான இதயத்துக்குத் துணையாக ரத்தத்தை இறைக்கும் பம்புக்கு 5 வாட். நடக்கும் மனித உருவ ரோபோவுக்கு நூற்றுக்கணக்கான வாட். கைக்கடிகாரத்துக்கும் ரோபோவுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது கோடி மடங்கு வித்தியாசம். இத்தனை பெரிய இடைவெளியை ஒரே மின்மூலம் நிரப்பும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

மைக்ரோவாட்டில் வென்ற கருவி

இயந்திரம் பொருத்திய மனிதர் என்றதும் நமக்கு எதிர்காலக் கதைகள் நினைவுக்கு வருகின்றன. அப்படிப்பட்ட மனிதர்கள் 1958 முதலே நம்மிடையே வாழ்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 8 அன்று, ஸ்வீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது நோயாளிக்கு, உடலுக்குள் வைக்கும் உலகின் முதல் பேஸ்மேக்கரை ஓகே சென்னிங் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் பொருத்தினார். கருவியை வடிவமைத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். காலணி பாலீஷ் டப்பாவை அச்சாக வைத்து, அதில் எபாக்சி பிசினை ஊற்றி வார்த்த சிறு வட்டு அது. உள்ளே இருந்தவை இரண்டு டிரான்சிஸ்டர்களும் நிக்கல்-காட்மியம் பேட்டரியும். பேட்டரி தீர்ந்தால் தோலுக்கு மேலே ஒரு கம்பிச்சுருளை வைத்து, காந்தப்புலத்தின் வழியாக மீண்டும் ஏற்ற வேண்டும். இன்று கைப்பேசியைப் பலகைமேல் வைத்துச் சார்ஜ் செய்கிறோமே, அதே தத்துவம்.

முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. உடனே மற்றொன்றைப் பொருத்தினார்கள். லார்சன் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, 2001-இல் தமது 86-ஆம் வயதில் மறைந்தார். இறப்புக்குக் காரணம் இதயம் அல்ல, புற்றுநோய்.

அடுத்து வந்த பாதரச பேட்டரிகள் இரண்டு ஆண்டுகள் தாங்கவே திணறின. அப்போது சிலருக்கு அணுசக்தி நினைவுக்கு வந்தது. 1970-இல் பாரிஸ் நகரில், புளுட்டோனியம்-238 வைத்த பேஸ்மேக்கர் முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. புளுட்டோனியம் சிதையும்போது வெளிவரும் சூட்டை மின்சாரமாக மாற்றும் கருவி அது. அந்தத் தனிமம் பாதியாகக் குறையவே 87 ஆண்டுகளுக்கு மேலாகும். நோயாளியின் ஆயுளைவிடப் பேட்டரியின் ஆயுள் நீளம். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் நிலைக்கவில்லை. கதிரியக்கப் பொருள் என்பதால் அதைச் சுமப்பவரைக் கடைசிவரை பின்தொடர வேண்டும். இறந்தபின் உடலை எரிக்கும் முன் கருவியை எடுத்தாக வேண்டும். அதைவிட முக்கியமாக, அமெரிக்கப் பொறியாளர் வில்சன் கிரேட்பேட்ச் கொண்டுவந்த லித்தியம்-அயோடின் பேட்டரி 1972 முதல் பேஸ்மேக்கர்களில் புகுந்து, எளிதாகப் பத்து ஆண்டுகள் தாங்கியது. பேஸ்மேக்கரின் மின்சுற்றுகளும் ஆண்டுக்கு ஆண்டு சிக்கனமாகிக்கொண்டே வந்தன. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய, மேம்பட்ட கருவி கிடைக்கும்போது, முப்பது ஆண்டுகள் பழைய கருவியையே சுமப்பதில் என்ன லாபம்? மின்மூலத்தைப் பெரிதாக்கியவர்கள் தோற்று, தேவையைக் குறைத்தவர்கள் வென்ற இடம் இது. இன்று ஒரு கேப்ஸ்யூல் மாத்திரை அளவே உள்ள, கம்பியே இல்லாத பேஸ்மேக்கரை இதய அறைக்குள் நேரடியாகப் பொருத்துகிறார்கள்.

அணு பேட்டரி என்ற எண்ணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. 2024 ஜனவரியில் சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம், நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு 50 ஆண்டுகள் ஓடும் நாணய அளவு பேட்டரியை அறிவித்தது. சார்ஜே செய்யாத கைப்பேசி வந்துவிட்டது என்று பலர் பரவசப்பட்டார்கள். அந்த பேட்டரி தருவது 100 மைக்ரோவாட். பேஸ்மேக்கருக்கு அது தாராளம். ஆனால் 5 வாட் இதய பம்பை ஓட்ட ஐம்பதாயிரம் பேட்டரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளது என்பதால், எல்லாம் சேர்ந்து 50 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். பல காலம் நீடிப்பது வேறு, ஒரே நேரத்தில் நிறையத் தருவது வேறு. செய்திகள் பெரும்பாலும் குழப்புவது இந்த இரண்டையும்தான்.

வியர்வை, சூடு, நடை

அணியும் கருவிகளுக்கு உடலிடமிருந்தே மின்சாரம் எடுப்பது புதிய எண்ணம் அல்ல. கை அசைவில் ஓடும் மின் ஆக்கியை வைத்து 1988-இலேயே செய்கோ நிறுவனம் கைக்கடிகாரம் விற்றது. 1998-இல் மணிக்கட்டின் சூட்டில் ஓடும் கடிகாரத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் ஓடியதற்குக் காரணம், கடிகாரம் கேட்டது ஓரிரு மைக்ரோவாட் மட்டுமே.

உடல் சூட்டின் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விடுகிறார். கேட்கும்போது பெரிய சுரங்கம்போலத் தோன்றும். ஆனால் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க, சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் வேண்டும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மூலதனம். தோல் 34 டிகிரி, அறைக் காற்று 24 டிகிரி என்றால், இயற்கை விதிப்படி அதிகபட்சமாக எடுக்கக்கூடியது நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம். நடைமுறைக் கருவிகளில் அதிலும் சிறு பகுதியே கிடைக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்குச் சில பத்து மைக்ரோவாட். இதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. மே மாதச் சென்னையில் நண்பகல் காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் நேரங்களில், அந்தச் சிறிய வித்தியாசமும் இல்லாமல் போய்விடும். வெப்பநாடுகளில் வாழும் நமக்கு இந்த வழி பெரிதாக உதவாது என்பது என் முடிவு.

நம் ஊரில் நிறையக் கிடைப்பது வியர்வை! 2021-இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாங் தலைமையிலான குழு, விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை ஒன்றைச் செய்தது. உழைக்காமல், தூங்கும்போதுகூட விரல்நுனி வியர்க்கிறது. அந்த வியர்வையில் இருக்கும் லாக்டேட் என்ற பொருளை ஒரு நொதி உடைக்க, அதிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. பத்து மணி நேரத் தூக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 300 மில்லிஜூல் சேர்ந்தது (ஒரு மில்லிவாட் ஒரு நொடி ஓடினால் ஒரு மில்லிஜூல்). சராசரியாக எட்டு மைக்ரோவாட். ஸ்மார்ட்வாட்ச் இதைப் பத்து நொடிக்குள் தீர்த்துவிடும். ஆனால் பட்டையிலேயே ஒரு சிறு உணரியை வைத்து, அவ்வப்போது விழித்து வியர்வையில் உள்ள பொருட்களை அளந்துவிட்டு மீண்டும் உறங்கும்படி செய்தால், இது போதுமான மின்சாரம். அந்த இடத்துக்குத்தான் இந்தக் கண்டுபிடிப்பு, கைப்பேசிக்கு அல்ல.

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியை 2010-இல் பிரான்சின் கிரெனோபிளில் எலிகளின் உடலுக்குள் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். கிடைப்பது மைக்ரோவாட் அளவு. உடல் அந்தக் கருவியைச் சுற்றித் திசு வளர்த்து மூடப் பார்ப்பதும், நொதிகள் நாளடைவில் செயலிழப்பதும் இன்னும் தீராத தொல்லைகள்.

உடலிலிருந்து வாட் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் கால்களிடம்தான் போக வேண்டும். நடக்கும்போது ஒரு கால் முன்னால் வீசி நீளும் கடைசிக் கணத்தில், தொடையின் பின்புறத் தசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதாவது அந்த நொடியில் தசை வேலை செய்வது காலை நகர்த்த அல்ல, நகர்வதை நிறுத்த. 2008-இல் கனடாவின் மாக்ஸ் டோனலன் குழு முழங்காலில் அணியும் கருவி ஒன்றைச் செய்தது. அந்த நிறுத்தும் கணத்தில் மட்டும் அது மின் ஆக்கியை இணைக்கும். தசையின் வேலையைக் கருவி பங்கிட்டுக்கொள்ள, இரு கால்களிலும் சேர்த்து 5 வாட் கிடைத்தது. நடப்பவருக்குக் கூடுதல் களைப்பு மிகக் குறைவு. உடலிலிருந்து எடுக்கும் எந்த மின்சாரமும் இலவசம் அல்ல, சாப்பாட்டிலிருந்து வருவதுதான். வீணாகும் இடம் பார்த்து எடுப்பதே இதில் உள்ள சாமர்த்தியம். குறை என்னவென்றால், கருவியின் எடை 1.6 கிலோ. மலைகளில் பல நாள் பேட்டரி சுமக்கும் ராணுவ வீரருக்குப் பயன்படலாம். கடைத்தெருவுக்குப் போகும் நமக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள்.

அணியும் கருவிகளுக்கு இன்றைக்கு உருப்படியான துணை வெயில்தான். நேர் வெயிலில் கடிகார முகப்பு அளவுள்ள சூரியத் தகடு நூறு மில்லிவாட்டுக்கு மேல் தரும். அறைக்குள் வந்தால் பல நூறு மடங்கு குறைந்துவிடும்.

ரோபோவின் பசி

நல்ல லித்தியம்-அயனி பேட்டரி கிலோவுக்கு 250 வாட்-மணி வைத்திருக்கும். உடல் கொழுப்பு கிலோவுக்குப் பத்தாயிரம் வாட்-மணி. பெட்ரோல் அதைவிடச் சற்று அதிகம். நாற்பது மடங்கு பின்தங்கிய நிலையில் ரோபோ போட்டியைத் தொடங்குகிறது. மின்மோட்டார் நம் தசையைவிட மூன்று, நான்கு மடங்கு திறமையானது என்பதால் இடைவெளி பத்து மடங்காகக் குறையும். ஆனாலும் பத்து மடங்கு பெரிய பள்ளம்.

பெட்ரோலையே ஊற்றினால் என்ன? பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த நான்குகால் சுமை ரோபோக்கள் அப்படித்தான் ஓடின. எஞ்சின் இரைச்சலில் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும் என்று 2015 இறுதியில் அந்தத் திட்டத்தை ஓரம் கட்டினார்கள். அதே நிறுவனத்தின் ஸ்பாட் என்ற மின்சார ரோபோ சத்தமில்லாமல் நடக்கிறது. ஒரு சார்ஜில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். தொழிற்சாலைகளில் இதற்குக் கண்டுகொண்ட வழி எளிமையானது: தீர்ந்த பேட்டரியை ரோபோவே கழற்றி வைத்துவிட்டு, ஏற்றிய பேட்டரியைச் செருகிக்கொள்ளும். சீனாவின் யூபிடெக் நிறுவனம் 2025-இல் இதைச் செய்து காட்டியது. கண்ணைப் பறிக்கும் விஞ்ஞானம் எதுவும் இதில் இல்லை, ஆனால் நாளை காலையே பயன்படும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2011 மே மாதம் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்க ஓடுதளத்தில் நடந்தது. ஆண்டி ருயினாவின் குழு செய்த ரேஞ்சர் என்ற பத்துக் கிலோ ரோபோ, ஒரே சார்ஜில், யாரும் தொடாமல் 65.2 கிலோமீட்டர் நடந்தது. முப்பது மணி நேரத்துக்கு மேல், 1,86,076 அடிகள். செலவான மின்சாரம் அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. சராசரியாக 16 வாட். அதில் இருந்தது புதுவகை பேட்டரி அல்ல. ஒவ்வொரு மூட்டையும் மோட்டாரால் இறுகப் பிடித்து நகர்த்துவதற்குப் பதில், காலை அதன் போக்கில் ஊசலாடி விழவிட்டு, தேவையான கணத்தில் மட்டும் சிறிது தள்ளிவிடும் வடிவமைப்பு.

இதை ஒப்பிட ஓர் எளிய அளவு இருக்கிறது. செலவான ஆற்றலை எடையாலும் தூரத்தாலும் வகுப்பார்கள். நடைச்செலவு என்று வைத்துக்கொள்வோம். மனிதருக்கு இது 0.2 முதல் 0.3 வரை. ரேஞ்சருக்கு 0.28. ஹோண்டாவின் புகழ்பெற்ற ஆசிமோ ரோபோவுக்கு ஆய்வாளர்கள் மதிப்பிட்டது 3.2, அதாவது பத்து மடங்குக்கும் மேல். பேட்டரியில் இருக்கும் பத்து மடங்குப் பள்ளத்தை, நடையைத் திருத்தியே பெரும்பாலும் தூர்த்துவிட முடியும் என்பதற்கு இது சாட்சி. ரேஞ்சர் சமதளத்தில்தான் நடக்கும், படியேறாது, பொருள் தூக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிமோ படியேறியது.

இந்த எண்ணத்தை மனிதருக்கே பொருத்தியவர்களும் உண்டு. 2015-இல் ஸ்டீவ் காலின்ஸ் குழு, மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல் ஸ்பிரிங்கும் கிளட்சும் மட்டுமே வைத்துக் கணுக்காலில் அணியும் கருவியைச் செய்தது. அதை அணிந்தவர்களின் நடைக்கான ஆற்றல் ஏழு சதவீதம் குறைந்தது. இயந்திரத்தால் வலுப்பெற்ற மனிதர், மின்தேவை சுழியம்!

2019-இல் கார்னெலிலேயே ராபர்ட் ஷெப்பர்டின் குழு ஒரு ரோபோ மீனின் உடலுக்குள் மின்சாரம் தரும் திரவத்தையே ரத்தம்போலச் சுற்றவிட்டது. துடுப்பை அசைக்கும் அழுத்தமும் அதே திரவத்தால்தான். பேட்டரியைத் தனிச் சுமையாக வைக்காமல் உடலோடு கலப்பது நல்ல வழி என்று நம்புகிறேன். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தி, ஏறத்தாழ ஐந்து கிலோ புளுட்டோனியம் டை ஆக்சைடை வைத்துத் தொடக்கத்தில் 110 வாட் எடுத்தது. வெயிலை நம்பியிருந்த ஆப்பர்ச்சூனிட்டி 2018-இன் புழுதிப் புயலில் அடங்கிப்போனது. சார்ஜ் செய்ய ஆளில்லாத இடத்தில் அணு மின்கலம் நியாயமான விடை.

வயிற்றிலிருந்து வெளியே வரும் கம்பி

எதிர்கால மின்மூலங்களுக்காகச் செலவாகும் அறிவிலும் பணத்திலும் பெரும்பங்கு போக வேண்டிய இடம் எது என்று கேட்டால், அந்த 5 வாட் இதய பம்பைத்தான் சொல்வேன். இதயம் செயலிழந்து, மாற்று இதயமும் கிடைக்காதவர்களின் நெஞ்சுக்குள் இந்த பம்பைப் பொருத்துகிறார்கள். மின்சாரம் போக, வயிற்றுத் தோலைத் துளைத்து ஒரு கம்பி வெளியே வருகிறது. இடுப்பில் கட்டுப்பாட்டுக் கருவி. இரு பக்கமும் இரண்டு பேட்டரிகள். மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதைப் பொருத்திய பிறகே மற்றதைத் தொட வேண்டும்; இரண்டையும் சேர்த்துக் கழற்றக் கூடாது. இரவில் சுவர் மின்சாரத்தோடு இணைந்து தூங்க வேண்டும். நீந்த முடியாது. குளிப்பதற்கும் தனி ஏற்பாடு வேண்டும். தோலில் கம்பி வெளிவரும் துளை ஆறாத வாசல். அதன் வழியே கிருமி நுழைவதே இந்த நோயாளிகளை மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் காரணங்களில் முக்கியமானது.

துளையில்லாமல் தோலைத் தாண்ட முடியாதா? சிறு அளவில் அது அன்றாடம் நடக்கிறது. பிறவியில் கேட்காத குழந்தைகளுக்குப் பொருத்தும் காக்ளியர் கருவிக்குள் பேட்டரி இல்லை. காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிச்சுருள்தான் ஒலியையும் மின்சாரத்தையும் தோலைத் தாண்டி அனுப்புகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவே பல குழந்தைகள் இதைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அது மில்லிவாட் கணக்கு. ஐந்து வாட்டை அனுப்பும்போது சுருளில் சூடு பிறக்கிறது. உடலுக்குள் வைக்கும் கருவியின் மேற்பரப்பு உடல் சூட்டைவிட இரண்டு டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி.

புளுட்டோனியத்தில் ஓடும் செயற்கை இதயத்தை அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1970-களில் முயன்றது. கணக்கு போட்டால் ஏன் கைவிட்டார்கள் என்று புரியும். அந்தப் பொருள் தரும் சூட்டில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கே மின்சாரமாகும் என்று வைத்தால், ஐந்து வாட்டுக்கு 80 வாட்டுக்கு மேல் சூடு வெளிவரும். உடல் தானாக உண்டாக்கும் சூட்டுக்கு ஏறக்குறைய நிகரான இன்னொரு அடுப்பு நெஞ்சுக்குள். 2001 ஜூலையில் லூயிவில் நகரில் ராபர்ட் டூல்ஸ் என்பவருக்குப் பொருத்திய அபியோகார் செயற்கை இதயத்தில், தோல்வழி மின்சாரமே ஓடியது; கம்பி இல்லை. அவர் 151 நாள் வாழ்ந்தார். உள்ளே இருந்த பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும். கருவி பெரிது, ரத்தக்கட்டுகளின் தொல்லையும் இருந்தது, அது பரவவில்லை. 2019-இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று, கஜகஸ்தானில் இரு நோயாளிகளுக்கு நெஞ்சைச் சுற்றிய பெல்ட்டிலிருந்து உள்ளே இருக்கும் வளையத்துக்கு மின்சாரம் அனுப்பி பம்பை ஓட்டியதைப் பதிவு செய்தது. அவர்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் உள் பேட்டரியில் நடமாட முடிந்தது.

அந்தச் சில மணி நேரத்தை ஒரு முழு நாளாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உள் பேட்டரியைப் பெரிதாக்குவது. ஒரு நாளைக்கு 120 வாட்-மணி, அதாவது அரைக் கிலோ லித்தியம் பேட்டரியை நெஞ்சுக்குள் வைக்க இடமில்லை. இன்னொன்று, பேஸ்மேக்கரும் ரேஞ்சரும் போன வழி. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தைச் சாதாரண ரத்த அழுத்தத்தில் இறைக்க இயற்பியல் கேட்பது ஒரு வாட் சொச்சம்தான். பம்ப் எடுத்துக்கொள்வது ஐந்து. நடுவில் இருக்கும் நான்கு வாட், மோட்டாரிலும் சுழலியிலும் கட்டுப்பாட்டுச் சுற்றிலும் கரைகிறது. அதில் பாதியை மீட்டாலே, இப்போதிருக்கும் பேட்டரி ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரம் ஓடும். சுருளில் பிறக்கும் சூடும் குறையும்.